தண்ணீர் மட்டும் போதுமா?

கை கழுவுவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணலாம். நாள்தோறும் பலமுறை நாம் கையை நனைக்கிறோம். ஆனால் நனைப்பது வேறு, கழுவுவது வேறு. இந்த வேற்றுமையை நம் காஞ்சிப் பட்டே நமக்குக் கற்பிக்கிறது.

கச்சாப் பட்டு நூலின் மேல் இயற்கையாகவே ஒருவகைப் பசை படிந்திருக்கும். வெறும் தண்ணீரில் அலசினால் அது போகாது. சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் இட்டு எடுத்த பின்னரே நூல் மென்மையும் பளபளப்பும் பெறுகிறது. நம் கைக்கும் சோப்புத் தேவை. தோலில் எப்போதும் சிறிது எண்ணெய்ப் பசை உண்டு. கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமிகள் அதில் ஒட்டிக்கொள்கின்றன. சோப்பின் மூலக்கூறு ஒரு முனையால் எண்ணெயையும் மறுமுனையால் நீரையும் பற்றிக்கொண்டு, அழுக்கையும் கிருமிகளையும் பெயர்த்து நீரோடு அனுப்பிவிடுகிறது.

சுத்தமாகத் தோன்றும் கையும் நோய் பரப்பும் என்பதை உலகுக்குக் காட்டியவர் செம்மல்வெய்ஸ் என்னும் ஹங்கேரி நாட்டு மருத்துவர். வியன்னா நகர மருத்துவமனையில், பிணப் பரிசோதனை செய்த மருத்துவர்களே பிரசவமும் பார்த்தனர். 1847 ஏப்ரலில் அவர்களுடைய பிரிவில் 100 தாய்மாருக்குச் சுமார் 18 பேர் இறந்தனர். பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரில் கை கழுவிய பின்னரே பிரசவம் பார்க்க வேண்டும் என்று அவர் விதித்தார். சில வாரங்களில் அந்தத் தொகை 2 அளவுக்கு இறங்கியது! ஆயினும் மருத்துவர் பலர் அவர் சொல்லை ஏற்கவில்லை. 1865-இல் அவர் மறைந்தார். அவர் சொன்னது உண்மை என்று பின்னர் உலகம் ஒப்புக்கொண்டது.

காணாத கிருமியைச் சிறு குழந்தைகள் எப்படி நம்புவார்கள்? ஓர் எளிய சோதனை செய்து காட்டுவோம். உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, சிறிது குங்குமம் கலந்து கை முழுதும் தடவச் சொல்வோம். அந்தக் கை தொட்ட நோட்டுப் புத்தகம், கதவு எல்லாம் சிவக்கும். கிருமி பரவும் வழியும் அதுவே! பின்னர் தண்ணீரில் மட்டும் கழுவச் சொல்வோம், சிவப்பு நீங்காது. சோப்பிட்டு 20 விநாடி தேய்த்தால் நீங்கும். அப்போதும் நகக்கண், விரலிடுக்கு, கட்டைவிரலின் பின்புறம் ஆகிய இடங்களில் எஞ்சியிருக்கும். நாம் வழக்கமாக மறக்கும் இடங்கள் அவையே.

அம்மா தறியில் அமர்ந்திருக்கும் வேளையில், தம்பி தங்கையருக்குச் சோறு ஊட்டும் அக்காமார் நம்மில் பலர். உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் லட்சக்கணக்கானோர் இன்றும் ஆண்டுதோறும் வயிற்றுப்போக்கால் மடிகின்றனர். சோப்பிட்டுக் கை கழுவும் பழக்கம் வயிற்றுப்போக்கை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கும். அந்தச் சிறு உயிரைக் காக்கும் ஆற்றல் நம் கையில் இருக்கிறது!

ஆகவே மலம் கழித்த பின்னும், குழந்தையின் மலத்தைச் சுத்தம் செய்த பின்னும், சமைக்குமுன்னும், உண்ணுமுன்னும், ஊட்டுமுன்னும் சோப்பிட்டுக் கழுவுவோம். பாத்திரத்துக்குள் கையை அமிழ்த்தாமல் சொம்பால் நீர் ஊற்றிக் கழுவுவோம். ஈரக் கையைப் பாவாடையில் துடைக்காமல் தூய துணியில் துடைப்போம். பெற்றோரே, கழிப்பறை அருகில் ஒரு சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும் எப்போதும் இருக்கச் செய்யுங்கள். மற்றதை உங்கள் பெண்கள் பார்த்துக்கொள்வார்கள்.