மெஷ் வாங்கியும் பெட்ரூம்ல கால் ஏன் கட் ஆகுது?

இந்த எபிசோட் முழுக்க வீட்டு வைஃபை பத்திதான். "ப்ரோ, எந்த மெஷ் வாங்கலாம்?" என்று யார் கேட்டாலும், பிராண்டு பெயர் சொல்றதுக்கு முன்னாடி நான் ஒரு கேள்வி திருப்பிக் கேட்பேன்: ரெண்டு பாக்ஸுக்கும் நடுவுல ஒயர் இழுக்க முடியுமா, முடியாதா? மெஷ் ஒழுங்கா ஓடுமா என்பது பாதிக்கு மேல அந்தப் பதில்லயே முடிவாகிடும்.

ஏன்னு சொல்றேன். ஃபைபர் வர்ற இடத்துல ஒரு மெயின் பாக்ஸ், வீட்டுக்குள்ள வேற இடத்துல ஒண்ணோ ரெண்டோ துணை பாக்ஸ், எல்லாத்துக்கும் ஒரே வைஃபை பெயர். இதுதான் மெஷ். ஆனா துணை பாக்ஸ் சொந்தமா இன்டர்நெட்டை உண்டாக்கறதில்ல. மெயின் பாக்ஸ்கிட்ட வாங்கித்தான் உங்க போனுக்குத் தருது. அந்த நடு இணைப்புக்குப் பெயர் பேக்ஹால். மொட்டை மாடி டேங்குல இருந்து பாத்ரூமுக்குத் தண்ணி இறங்குற பைப் மாதிரி நினைச்சுக்கோங்க. அந்த பைப் ஒல்லியா இருந்தா, பாத்ரூம்ல எவ்வளவு காஸ்ட்லியான ஷவர் மாட்டினாலும் தண்ணி சொட்டு சொட்டாத்தான் வரும்.

போன்ல தெரியற சிக்னல் கோடுகள், போனுக்கும் பக்கத்துல இருக்கிற பாக்ஸுக்கும் நடுவுல நடக்கிறதை மட்டும்தான் காட்டும். அந்த பாக்ஸ் மெயினோட எப்படிப் பேசுதுன்னு காட்டாது. "ஃபுல் சிக்னல் இருக்கு, நெட் மட்டும் வரல" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

விலை குறைந்த டூயல் பேண்ட் மெஷ்ல பொதுவா ஒரே 5 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோதான் போன்கிட்டயும் பேசணும், மெயின் பாக்ஸ்கிட்டயும் பேசணும். ஒரே டேட்டா காத்துல ரெண்டு தடவை பயணம் பண்ணுது, வேகம் ஏறத்தாழ பாதியாகிடும். அட்டைப் பெட்டி மேல ஏசி1200னு பெருசா போட்டிருப்பாங்க. 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல 300, 5-ல 867, ரெண்டையும் கூட்டி வழவழன்னு ஆக்கின பேப்பர் கணக்கு அது. அந்த வேகம் உங்க போனுக்குக் கிடைக்காது.

இனி நிஜ வீட்டுக்கு வருவோம். என் பெரியம்மா பொண்ணு, தாம்பரம் பக்கம் ரெண்டு மாடி வீடு. ஃபைபர் கீழ ஹால்ல, அக்கா வேலை பார்க்கிறது மாடி பெட்ரூம்ல. அமெரிக்க கிளையன்ட், சாயங்காலம் ஆரம்பிச்சு நடுராத்திரி வரைக்கும் கால். கையில ஏழு மாசக் குழந்தை. "இன்னொரு தடவை கால் கட் ஆச்சுன்னா வாரம் மூணு நாள் ஆபீஸ் வந்துடுங்க" என்று மேனேஜர் சொல்லிட்டார். "டேய் தம்பி, எவ்வளவு செலவானாலும் பரவால்ல, வந்து பாரு"ன்னு போன். மெஷ் ஏற்கெனவே வாங்கியாச்சு. துணை பாக்ஸ் எங்க இருந்துச்சு? பெட்ரூம்ல, இரும்பு பீரோவுக்குப் பின்னாடி.

இந்த மாதிரி நேரத்துல எடுத்தவுடனே ரீசெட் பட்டனை அமுக்காதீங்க. லேப்டாப்பும் ஒரு லேன் கேபிளும் போதும். முதல்ல கம்பெனிக்காரங்க குடுத்த பாக்ஸ்ல நேரா சொருகி ஸ்பீட் டெஸ்ட். 200 எம்பிபிஎஸ் பிளான்ல 190 வந்தது. அப்போ லைன் மேல குத்தமில்ல. அடுத்து மெஷ் மெயின் பாக்ஸ்ல சொருகி, அப்புறம் அதுக்குப் பக்கத்துல நின்னு வைஃபைல. ரெண்டுமே சரி. மாடிக்குப் போனதும் 18.

ஸ்பீட் டெஸ்டை விட எனக்குப் பிடிச்சது பிங். டெர்மினல்ல ரெண்டு ஜன்னல் திறந்து, ஒண்ணுல மெயின் பாக்ஸோட முகவரி, பெரும்பாலும் 192.168-ல ஆரம்பிக்கும், இன்னொண்ணுல 8.8.8.8. பத்து நிமிஷம் ஓட விடுங்க. வெளிப் பிங் மட்டும் துள்ளினா கஸ்டமர் கேர்ல சண்டை போடலாம். மெயின் பாக்ஸுக்குப் போற பிங்கே துள்ளினா பிரச்சினை உங்க நாலு சுவருக்குள்ளதான். அக்கா வீட்டுல அது 4 மில்லிசெகண்ட்ல இருந்து 300-க்குத் தாவிக்கிட்டு இருந்தது. வீடியோ கால் உடையறதுக்கு அது தாராளம்.

துணை பாக்ஸை சிக்னல் இல்லாத அறைக்குள்ள வைக்கக் கூடாது. மெயினுக்கும் அந்த அறைக்கும் நடுவுல, மெயினோட சிக்னல் இன்னும் பலமா இருக்கிற இடத்துல வைக்கணும். வைஃபை அனலைசர் ஆப்ல பார்த்தா, மைனஸ் 65 டிபிஎம்முக்கு மேல இருந்தா நல்லது. மைனஸ் 78-ல எந்த மெஷ்ஷும் திணறும். கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, தண்ணி டேங்க், ஃபிரிட்ஜ் எல்லாம் சிக்னலுக்கு எதிரிகள். மாடிப்படி திரும்பற இடத்துல பாக்ஸை வெச்சதும் 18 என்பது 85 ஆச்சு. செலவு, ஒரு எக்ஸ்டென்ஷன் போர்டு.

ஆனா வேலை போகிற மாதிரி நிலைமைன்னா நான் ஒயர்தான் சொல்வேன். பழைய கேபிள் டிவி ஒயர் போன ஓட்டை வழியா கேட் 6 கேபிள் இழுத்தோம். ரிச்சி ஸ்ட்ரீட்ல கேபிள் வாங்கும்போது "முழு காப்பரா, சிசிஏவா?"ன்னு கேளுங்க. சிசிஏ என்பது அலுமினியத்துக்கு மேல காப்பர் பூச்சு, தூரம் கூடக் கூட வேலையைக் காட்டும். எலக்ட்ரீஷியன் முனையில கிரிம்ப் பண்ணினதும் ஆப் பார்த்தா லிங்க் 100 எம்பிபிஎஸ்னு காட்டுது. ஜிகாபிட்டுக்கு கேபிளுக்குள்ள இருக்கிற நாலு ஜோடி கம்பியும் சரியா இருக்கணும். ஒரு ஜோடி சொதப்பினா, சத்தமில்லாம 100-க்கு இறங்கிடும். மறுபடி கிரிம்ப் பண்ணினோம்; மாடியிலயும் 190. இதே காரணத்துக்காக, மெஷ் வாங்கும்போது அதோட போர்ட் ஜிகாபிட்டான்னு பார்த்து வாங்குங்க. மலிவான சிலதுல 100 போர்ட்தான் இருக்கும்.

வாடகை வீடு, ஓனர் ஆணி அடிக்கவே விட மாட்டார்னா? சுவரோரமா, கதவுக்கு அடியில போற ஃபிளாட் கேபிள் இருக்கு. அதுவும் முடியலைன்னா பேக்ஹாலுக்குன்னே தனி ரேடியோ ஒதுக்கின ட்ரை பேண்ட் மெஷ்ஷுக்குக் காசு போடலாம். 900 சதுர அடி 2பிஹெச்கேக்கு பெரும்பாலும் மெஷ்ஷே தேவையில்ல. ஃபைபர் மாட்ட வர்றவர்கிட்ட "வாசல் மூலையில வேணாண்ணா, நடு ஹால்ல வெச்சுக் குடுங்க"ன்னு கேட்டாலே பாதிப் பேருக்கு வேலை முடிஞ்சிடும்.

இன்னொண்ணு. கம்பெனிக்காரங்க குடுத்த பாக்ஸும் ஒரு ரவுட்டர், உங்க மெஷ்ஷும் ஒரு ரவுட்டர். ரெண்டும் ஒரே வேலையைச் செய்தா டபுள் நேட் ஆகி கேமிங், ஆபீஸ் விபிஎன் எல்லாம் முரண்டு பிடிக்கலாம். சுலபமான வழி, மெஷ்ஷை ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாத்துங்க. பழைய பாக்ஸோட வைஃபையையும் அணைச்சிடுங்க. இல்லைன்னா லேப்டாப் பழைய பாசத்துல அங்கேயே போய் ஒட்டிக்கும்.

எல்லாம் முடிஞ்சும் அக்காவுக்கு அடுத்த வாரம் ஒரு கால் கட் ஆச்சு. கரண்ட் போன நேரம். மெயின் பாக்ஸ் இன்வெர்ட்டர் லைன்ல இருக்கு, மாடி பிளக் பாயின்ட் அந்த லைன்ல இல்ல. பாக்ஸ் திரும்ப எழுந்து மெயினோட சேர சில நிமிஷம் எடுத்துக்கும், அதுக்குள்ள கிளையன்ட் போயிடுவார். ரவுட்டருக்குன்னே வர்ற மினி யூபிஎஸ் ஒண்ணு வாங்கி மாட்டினோம். நீங்க வாங்கினா அடாப்டர்ல எழுதியிருக்கிற வோல்ட்டும் ஆம்ப்பும் பார்த்து வாங்குங்க. 12 வோல்ட் 2 ஆம்ப் கேட்கிற பாக்ஸுக்கு 1 ஆம்ப் யூபிஎஸ் தாங்காது. ஒவ்வொரு பாக்ஸுக்கும் ஒண்ணு வேணும், மெயினுக்கு மட்டும் போட்டா பத்தாது.