மத்யமம் தேடிய நாதஸ்வரம்

தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலை முருகன் ஆலயத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும். கோபுரம் கண்ணில் படுவதற்கு முன்பே நாதஸ்வரம் காதில் விழுந்துவிடும். ரப்பர் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவிலும் அப்படித்தான் என்று உங்கள் தாத்தா பாட்டி சொல்லியிருக்கலாம். அத்தனை பழைய கருவியாகத் தோன்றினாலும், இன்று நாம் கேட்கும் அதன் வடிவத்துக்கு நூறு வயதுகூட ஆகவில்லை.

முதலில் ஒரு சோதனை. ஒரு ஸ்ட்ராவின் முனையைத் தட்டையாக அழுத்தி, இரு ஓரங்களையும் சாய்வாக வெட்டிக் கூராக்குங்கள். உதடுகளுக்கு இடையே வைத்துப் பலமாக ஊதினால் 'பீ' என்று கத்தும். ஊதிக்கொண்டே மறுமுனையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கத்தரியுங்கள். சுருதி ஏறும். உள்ளே அதிரும் காற்றுத்தம்பம் குட்டையானால் அதிர்வெண் கூடும் என்பதே காரணம். நாதஸ்வரத்தில் ஸ்ட்ராவின் கூர்முனை செய்த வேலையை நாணலாலான சீவாளி செய்கிறது. விரலை எடுத்துத் துளையைத் திறப்பது, கத்தரிக்கோலின் வேலை.

முன்பு பெரிதும் புழங்கியது திமிரி என்ற குட்டை நாதஸ்வரம். 4 கட்டைக்கு மேற்பட்ட சுருதி. வீதி உலாவுக்குப் பொருத்தம். ஆனால் கச்சேரி மேடையில் பாடகர்களைப்போல் நிதானமாக ராகம் விரிக்க நினைத்தவர் திருவாவடுதுறை டி.என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அவர் நீளமான பாரி நாதஸ்வரத்துக்கு மாறினார். சுருதி 2, 2½ கட்டைக்கு இறங்கியது.

நீளத்தைக் கூட்டியதும் வேலை முடியவில்லை. சுத்த மத்யமம் சரியாக விழவில்லை. 'ச' 300 ஹெர்ட்ஸ் என்றால் சுத்த மத்யமம் 400. பிரதி மத்யமம் ஏறக்குறைய 420. கருவியோ இரண்டுக்கும் நடுவே எங்கோ நின்றது. வாசிப்பவர்தான் உதட்டாலும் மூச்சாலும் சரிக்கட்ட வேண்டும். ஒரு துளையை நகர்த்தினால் போதாதா என்று கேட்பீர்கள். திறந்த துளைக்குக் கீழேயுள்ள குழலும் ஒலியைப் பாதிக்கிறது. ஒன்றைத் தொட்டால் மற்ற சுரங்களும் பிசகும்.

கும்பகோணத்துக்குப் பக்கத்திலுள்ள நரசிங்கம்பேட்டையின் ரங்கநாத ஆசாரி இதைத் தீர்த்தார். 1955-ல் சுத்த மத்யமம் துல்லியமாக ஒலிக்கும் பாரி அவர் பட்டறையிலிருந்து வந்தது. பிள்ளை அடுத்த ஆண்டே காலமானார் என்பதுதான் வருத்தம். அந்த ஊரில் இன்றும் பழைய வீடுகளின் ஆச்சா மர உத்தரங்களைத் தேடி வாங்கித்தான் கடைகிறார்கள். ஆண்டுக்கணக்கில் காய்ந்த மரம் எளிதில் வெடிக்காது. 2022-ல் நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

ஐரோப்பிய ஆர்க்கெஸ்ட்ராவின் ஹார்னும் இப்படிச் சுரம் தேடிய கருவிதான். சுமார் 3.7 மீட்டர் சுருட்டிய குழாய். விரல் துளையே கிடையாது. அதனால் பல சுரங்கள் கிடைக்கவில்லை. 18-ஆம் நூற்றாண்டில் டிரெஸ்டன் நகரத்து ஹாம்பெல், குழாயின் வாய்க்குள் கையை நுழைத்துச் சமாளித்தார். 1814 வாக்கில் ஜெர்மனியின் ஸ்டோல்செல் வால்வு பொருத்தினார். விரலால் அழுத்தினால் கூடுதல் குழாய் இணைந்து காற்றுத்தம்பம் நீளும்.

அடுத்த திருவிழாவில் நாதஸ்வரத்தை அருகில் பாருங்கள். விரல் வைக்கும் 7 துளைகளுக்குக் கீழே இன்னும் 5 துளைகள் இருக்கும். சிலவற்றில் மெழுகு அடைத்திருக்கும். வித்துவான் சுருதியை நுணுக்கமாகச் சேர்ப்பது அந்த மெழுகால்தான்.