பனியில் உறையும் சிக்கனம்

சமவெளியில் லிட்டர் கணக்கில் ஜெயிக்கும் டீசல், லடாக்கின் குளிர்காலக் காலையில் தடுமாறுகிறது. பெட்ரோலா, டீசலா என்ற பழைய கேள்விக்கு இமயமலை வேறு கணக்கு வைத்திருக்கிறது.

ஜனவரி மாதத்தில் லே நகரத்து டாக்ஸி ஓட்டுநரின் நாள் அடுப்போடு தொடங்கும். டீ போடுவதற்கான அடுப்பு இல்லை அது. பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைத்து, ஜீப்பின் வயிற்றுக்கு அடியில் தள்ளி, ஆயில் தொட்டியையும் டீசல் டாங்கையும் சூடாக்குவார். பக்கத்து வண்டிக்காரர் தகர டப்பாவில் விறகைக் கொளுத்தி அதே காரியத்தைச் செய்துகொண்டிருப்பார். வெளியே மைனஸ் 15 டிகிரி. சில நாட்களில் அதற்கும் கீழே. முக்கால் மணி நேரம் கழித்து, இருமி, கறுப்புப் புகை கக்கி, இன்ஜின் ஒரு வழியாக உயிர்பெறும். எரிபொருள் டாங்குக்கு அடியில் நெருப்பு வைப்பது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அந்த ஓட்டுநர்களுக்குத் தெரியாமல் இல்லை. வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான்.

பல ஆண்டுகள் லடாக்கிலும் ஹிமாசலப் பிரதேசத்தின் லாஹுல், ஸ்பிதி பள்ளத்தாக்குகளிலும் குளிர்காலம் இப்படித்தான் விடிந்தது. டெல்லியிலும் சென்னையிலும் கார் வாங்குகிறவர்கள் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று விசாரித்துக்கொண்டிருந்த அதே காலத்தில், இங்கே கேள்வி இன்னும் எளிமையானது: காலையில் வண்டி கிளம்புமா?

மெழுகு செய்யும் வேலை

குற்றவாளி டீசலுக்குள்ளேயே இருக்கிறது. டீசலில் இயற்கையாகவே பாரஃபின் மெழுகு கலந்திருக்கும். அது நன்றாக எரியக்கூடியது. அதனால் இன்ஜினுக்கு நல்லதும்கூட. ஆனால் மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் தேங்காய் எண்ணெய் உறைந்துபோவதைப் போல, குளிரில் இந்த மெழுகும் படிகமாகத் திரளும். முதலில் டீசல் கலங்கும். பிறகு அந்தப் படிகங்கள் ஃபில்டரை அடைக்கும். இன்னும் குளிர்ந்தால் டீசல் கூழாகி, குழாயில் நகரவே மறுக்கும். இப்படி உறைய டீசலின் ஒவ்வொரு துளியும் கெட்டியாக வேண்டியதில்லை. மிகச் சிறிய அளவு மெழுகே போதும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் விதிகளைப் பார்த்தால் இந்தத் தலைவலியின் காரணம் புரியும். டீசல் ஃபில்டரை அடைக்கத் தொடங்கும் வெப்பநிலைக்கு அது வகுத்த வரம்பு கோடையில் 18 டிகிரி, குளிர்காலத்தில் 6 டிகிரி. அதாவது பூஜ்யத்துக்கு மேலே 6 டிகிரி. பஞ்சாபின் ஜனவரிக்கு இது ஏறக்குறையப் போதும். லடாக்கின் ஜனவரிக்கு எப்படிப் போதும்? ஐரோப்பாவின் தரவிதிகள் குளிர்நாடுகளுக்கெனத் தனி வகுப்புகளையே வைத்திருக்கின்றன. அவற்றில் கடைசி வகுப்பு மைனஸ் 44 டிகிரி வரை தாங்கும். நார்வேயிலோ ஃபின்லாந்திலோ கார் வைத்திருப்பவர் இதைப்பற்றிக் கவலைப்படுவதில்லை. பருவம் மாறும்போது பங்கில் டீசலும் மாறிவிடும்.

பெட்ரோலுக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அதில் மெழுகு இல்லை. லடாக் காணும் எந்தக் குளிரிலும் அது தண்ணீராகவே ஓடும். அதைப் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசல் இன்ஜினுக்கு அந்த வசதி இல்லை. காற்றை 16 முதல் 20 மடங்கு வரை அழுத்தி, அந்தச் சூட்டிலேயே டீசலை எரிய வைக்க வேண்டும். உள்ளே வரும் காற்றும் குளிர்ந்து, இன்ஜின் இரும்பும் குளிர்ந்து கிடந்தால் அந்தச் சூடு எங்கிருந்து வரும்? க்ளோ பிளக் எனப்படும் சிறிய சூடேற்றிகள் உதவுகின்றன. ஆனால் அவற்றுக்கு மின்சாரம் தர வேண்டிய பேட்டரியும் குளிரில் பலமிழந்து கிடக்கும். போதாக்குறைக்கு ஆயிலும் கெட்டியாகியிருக்கும்.

உயரம் இன்னொரு எதிரி. லே சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். கர்துங் லா கணவாயில் அது ஏறக்குறையப் பாதி. காற்று மெலிந்தால் அழுத்திக் கிடைக்கும் சூடும் குறையும், இழுவையும் குறையும். ஓடத் தொடங்கிவிட்டால் மட்டும் டீசலின் கை ஓங்குகிறது. டர்போ பொருத்திய டீசல் இன்ஜின் மெலிந்த காற்றையும் திணித்து உள்ளே தள்ளும். டர்போ இல்லாத சிறிய பெட்ரோல் கார் கணவாய் ஏற்றத்தில் முதல் கியரில் மூச்சிரைக்கும். ஆக, லடாக்கில் காலையில் பெட்ரோல் ஜெயிக்கும், மதியத்தில் டீசல் ஜெயிக்கும்.

கலப்பட வைத்தியம்

உறைந்த டீசலுக்கு மலைவாசிகள் கண்டுபிடித்த வைத்தியங்கள் ஏராளம். டீசலில் மண்ணெண்ணெய் கலப்பது அதில் பிரபலம். மண்ணெண்ணெய் கலந்தால் மெழுகு திரள்வது தள்ளிப்போகும் என்பது உண்மை. ஆனால் டீசல், இன்ஜினின் பம்புக்கு எரிபொருள் மட்டும் அல்ல, மசகும்கூட. மண்ணெண்ணெய்க்கு அந்த வழவழப்பு குறைவு. பழைய லாரி பம்ப் அதைச் சகித்துக்கொண்டது. இன்றைய காமன் ரெயில் இன்ஜினில் டீசல் வளிமண்டலத்தைப் போல ஆயிரத்து ஐந்நூறு மடங்குக்கும் மேலான அழுத்தத்தில் பீய்ச்சப்படுகிறது. அங்கே ஒரு குளிர்காலச் சிக்கனம் ஒரு இன்ஜெக்டர் செட்டையே காவு வாங்கிவிடும். தவிர, சட்டத்தின் கண்ணில் இது கலப்படம்.

இன்னொரு வழி, இரவு முழுவதும் இன்ஜினை அணைக்காமலே விடுவது. லாரிக்காரர்களின் வழக்கம் இது. ஒரு காரின் டீசல் இன்ஜின் நின்ற இடத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை குடிக்கும். பத்து மணி நேர இரவுக்குக் கணக்குப் போட்டால், பகலில் மிச்சம் பிடித்தது இரவில் புகையாகிவிடும்.

அதைவிடப் பெரிய ஆபத்து வண்டிக்குள் படுத்துத் தூங்குவது. ஜன்னல்களை மூடிக்கொண்டு, புகைக்குழாயைப் பனி மூடிய நிலையில் இன்ஜினை ஓடவிட்டால் கார்பன் மோனாக்ஸைடு உள்ளே நுழையும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரே மலைவாசத்தலத்தில் பனிப்புயலில் சிக்கிய கார்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். குளிரோடு இந்த வாயுவும் காரணமாகச் சொல்லப்பட்டது. இந்த விஷயத்தில் டீசலைவிடப் பெட்ரோல் இன்ஜின்தான் மோசம். அதன் புகையில் இந்த வாயு அதிகம்.

பானிப்பட்டிலிருந்து வந்த பதில்

அரசுத் தரப்பில் பதில் வர 2019 ஆனது. அந்த ஆண்டு அக்டோபர் 31 அன்று லடாக் தனி யூனியன் பிரதேசமானது. மூன்று வாரங்கள்கூட ஆகாத நிலையில், நவம்பர் 17 அன்று உள்துறை அமைச்சர் அமித் ஷா வீடியோ கான்ஃபரன்ஸ் மூலம் லடாக்கின் முதல் குளிர்கால டீசல் விற்பனை நிலையத்தைத் தொடங்கி வைத்தார். இந்தியன் ஆயிலின் பானிப்பட் சுத்திகரிப்பு ஆலையில் தயாரான இந்த டீசல் மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மை கொண்டது. ஜலந்தரிலிருந்து மலையேறி வருகிறது.

இதன் மதிப்பு சுற்றுலாப் பயணிக்குச் சட்டென்று புரியாது. சோஜி லா கணவாய் ஒரு காலத்தில் ஐந்தாறு மாதங்கள் மூடியே கிடக்கும். எல்லைச் சாலை நிறுவனத்தின் உழைப்பால் 2023-இல் 68 நாட்களிலும் 2024-இல் 35 நாட்களிலும் அது திறந்தது. கணவாய் மூடியிருக்கும் நாட்களில் லடாக்கின் கிராமங்களுக்கு உள்ளூர்ச் சாலைகள்தான் கதி. நள்ளிரவில் பிரசவ வலி எடுத்த பெண்ணை லே நகரின் சோனம் நோர்பு நினைவு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் கிராமத்தில் இருக்கும் ஏதாவதொரு ஜீப் கிளம்பியாக வேண்டும். டாங்குக்கு அடியில் ஸ்டவ் வைத்துக் காத்திருக்கும் முக்கால் மணி நேரம் அந்தக் குடும்பத்துக்கு மிக நீளமானது.

ஆனால் குளிர்கால டீசலுக்கும் நிபந்தனைகள் உண்டு. உறைந்துவிட்ட டீசலின் மேல் அதை ஊற்றினால் மெழுகு கரையாது. டாங்கில் மட்டும் இருந்தாலும் போதாது, ஃபில்டரிலும் குழாயிலும் அதுவே நிறைந்திருக்க வேண்டும். சமவெளியில் டாங்கை முழுதாக நிரப்பிக்கொண்டு மலையேறும் கார்தான் இன்றும் மறுநாள் காலையில் மாட்டிக்கொள்கிறது. முக்கால் டாங்க் காலியாகும்வரை ஓட்டி, மலையில் குளிர்கால டீசலைப் போட்டு, பிறகும் சில கிலோமீட்டர் ஓட்டி நிறுத்துவதே அனுபவசாலிகளின் முறை.

புதிய கார்களின் பாடு இன்னொரு விதம். 2020 ஏப்ரல் 1 முதல் அமலான பி.எஸ். 6 விதிகளால் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகள் வடிகட்டி வந்துவிட்டது. நன்கு சூடானால்தான் அது தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். குளிரில் கடைத்தெருவுக்கு இரண்டு கிலோமீட்டர் போய்வரும் காரில் அது அடைத்துக்கொள்ளும். சில மாடல்களுக்கு யூரியா கரைசலும் ஊற்ற வேண்டும். அது உறைவது மைனஸ் 11 டிகிரியில். அதற்கும் தனி சூடேற்றி பொருத்தியிருக்கிறார்கள்.

மாறிய கணக்கு

இத்தனை தொல்லைக்கும் டீசலைக் கட்டிக்கொண்டு அழுததற்குக் காரணம் பணம். ஒரு லிட்டர் டீசலில் பெட்ரோலைவிடச் சுமார் பத்து சதவீதத்துக்கும் மேல் சக்தி அதிகம். அதை வேலையாக மாற்றுவதிலும் டீசல் இன்ஜின் கெட்டிக்காரத்தனமானது. போதாததற்கு அரசு மானியம். 2012 மே மாதத்தில் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாயைத் தாண்டியபோது டீசல் 41 ரூபாய்க்குள் கிடைத்தது.

உதாரணத்துக்கு, லிட்டருக்கு 15 கி.மீ. ஓடும் பெட்ரோல் காரையும் 20 கி.மீ. ஓடும் டீசல் காரையும் எடுத்துக்கொள்ளலாம். அன்றைய விலையில் டீசல் கார் கிலோமீட்டருக்கு 2 ரூபாய் 80 பைசா மிச்சம் பிடித்தது. ஒரு லட்சம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்கியிருந்தால் சுமார் 35,000 கி.மீ. ஓட்டத்தில் அது திரும்பிவிடும்.

2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கியது. 2020 ஜூனில் டெல்லியில் டீசல் முதல்முறையாகப் பெட்ரோல் விலையையே தாண்டியது. 2024 மார்ச்சில் விலை குறைக்கப்பட்டபோது அங்கே பெட்ரோல் 94 ரூபாய் 72 பைசா, டீசல் 87 ரூபாய் 62 பைசா. அந்த விலையில் அதே இரண்டு கார்களுக்கிடையே கிலோமீட்டருக்கு மிச்சம் 1 ரூபாய் 93 பைசா. புதிய விதிகளால் டீசல் காரின் கூடுதல் விலை ஒன்றரை லட்சமாகியிருந்தால், அதை மீட்க 77,000 கி.மீ.க்கும் மேல் ஓட்ட வேண்டும். ஆண்டுக்குப் பத்தாயிரம் கி.மீ. ஓட்டும் குடும்பத்துக்கு ஏறக்குறைய எட்டு வருடம். டெல்லியிலோ பத்தாண்டு கடந்த டீசல் வாகனங்களைத் தடுத்து 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதன் பிறகும் தடையும் தளர்வுமாக விவகாரம் நீடித்தது. சிறிய டீசல் கார்களால் பெயர் வாங்கிய மாருதி, 2020 ஏப்ரலோடு டீசல் கார்களை நிறுத்திக்கொண்டது.

குளிர் பெட்ரோலையும் சும்மா விடுவதில்லை. மைனஸ் 7 டிகிரியில் நகரத்துக்குள் ஓடும் பெட்ரோல் காரின் மைலேஜ், 25 டிகிரியில் கிடைப்பதைவிடச் சுமார் 15 சதவீதம் குறையும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. ஐந்தாறு கிலோமீட்டர் தூரமே போய்வந்தால் சரிவு 24 சதவீதம் வரை போகலாம். விளம்பரத்தில் அச்சாகும் மைலேஜ் எண்ணுக்கு இமயமலை கட்டுப்படுவதில்லை.

ஆகவே மலைக்காரர்களின் யோசனை எளிமையானது. ஆண்டு முழுவதும் கனத்த பாரத்தோடு கணவாய் ஏறி இறங்குகிறவருக்கு டர்போ டீசலும் குளிர்கால டீசலும். வீட்டுக்கும் கடைவீதிக்கும் போய்வருகிறவருக்குப் பெட்ரோல். எதுவானாலும் ரேடியேட்டரில் வெறும் தண்ணீர் கூடாது. ஆன்டிஃப்ரீஸ் இல்லாவிட்டால் உறையும் தண்ணீர் இன்ஜினையே பிளந்துவிடும். இரவில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டால் காலையில் அது விடாமல் பிடித்துக்கொள்ளும். கியரில் நிறுத்தி சக்கரத்துக்குக் கல் வைப்பது நல்லது. பின்பெட்டியில் டயர் சங்கிலி இருக்கட்டும்.

பிப்ரவரி மாதத்து விடியலுக்கு முன், நோயாளியைப் போர்வையில் சுற்றி வாசலுக்குக் கொண்டுவரும் குடும்பம் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்பதில்லை. கிளம்பாத வண்டியின் மைலேஜ் பூஜ்யம் என்பது அவர்களுக்கு எப்போதோ தெரியும்.