அம்மாவை ‘ஹோம்’ல சேர்க்கலாமா? - முடிவெடுக்கும் முன் குடும்பம் பேச வேண்டிய விஷயங்கள்!

அடுப்பில் பால் வைத்ததையே மறந்துவிடுகிறார் அம்மா. பென்ஷன் வாங்க பேங்குக்குப் போன அப்பா, வீடு திரும்பும் வழி தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார். சாப்பிட்டு அரை மணி நேரம்கூட ஆகாத மாமியார், ‘காலையில இருந்து எனக்கு ஒண்ணும் தரலை’ என்று பக்கத்து வீட்டில் போய்ச் சொல்கிறார். இப்படி ஏதாவது ஒன்று நடந்த பிறகுதான் பல வீடுகளில் அந்தப் பேச்சு தொடங்குகிறது... ‘ஒரு நல்ல ஹோம்ல சேர்த்துடலாமா?’

கேட்டவருக்கும் குற்ற உணர்வு, காதில் வாங்கியவருக்கும் சங்கடம். ‘பெத்தவங்களை முதியோர் இல்லத்துல தள்ளிட்டாங்க’ என்று ஊர் பேசுமே என்ற பயத்தில் பேச்சு அதோடு நின்றுவிடும். பிறகு ஒருநாள் அம்மா பாத்ரூமில் விழுந்து இடுப்பெலும்பு முறியும்போது, யோசிக்க நேரமே இல்லாமல் அவசரமாக ஓர் இடம் தேட வேண்டியிருக்கும்.

2011 கணக்கெடுப்பின்படி, தமிழக மக்கள்தொகையில் 60 வயதைக் கடந்தவர்கள் 10.4 சதவிகிதம். நாட்டின் சராசரியைவிட இது அதிகம். இந்திய முதியோரில் சுமார் 7.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா எனும் மறதிநோய் இருக்கலாம் என்று 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆக, இது ஏதோ ஒரு வீட்டுப் பிரச்னை இல்லை.

முதலில் டாக்டர்... அப்புறம்தான் ஹோம்!

மறதி என்றாலே டிமென்ஷியா என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வைட்டமின் பி12 குறைபாடு, தைராய்டு பிரச்னை, மனச்சோர்வு, சில மாத்திரைகளின் பக்கவிளைவு ஆகியவையும் மறதியையும் குழப்பத்தையும் கொண்டுவரும். நேற்று வரை நன்றாக இருந்தவர் இன்று திடீரெனச் சம்பந்தமில்லாமல் பேசினால், சிறுநீர்த் தொற்றுகூடக் காரணமாக இருக்கலாம். இவற்றில் பலவும் சிகிச்சையில் சரியாகக்கூடியவை. எனவே முதியோர் நல மருத்துவர், நரம்பியல் மருத்துவர் அல்லது மனநல மருத்துவரிடம் காட்டி, என்ன நோய், எந்தக் கட்டம் என்று தெரிந்துகொள்வதே முதல் வேலை.

எல்லா ஹோமும் ஒன்றல்ல!

கோயம்புத்தூரிலும் சென்னையைச் சுற்றியும் பெருகிவரும் ‘சீனியர் லிவிங்’ குடியிருப்புகள், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும் முதியவர்களுக்கானவை. சமையல், சுத்தம், பாதுகாப்பு ஆகியவற்றை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். குளிக்க, உடை மாற்ற, நேரத்துக்கு மாத்திரை சாப்பிட உதவி தேவைப்படுவோருக்கு ‘அசிஸ்டட் லிவிங்’. டிமென்ஷியா உள்ளவர்களுக்கோ ‘மெமரி கேர்’ எனப்படும் தனிப் பராமரிப்பு வேண்டும். வழி தவறி வெளியே போய்விடாத கட்டட அமைப்பும், கேட்டதையே நூறு முறை கேட்டாலும் எரிந்து விழாத, பயிற்சி பெற்ற ஆட்களும் அங்கே அவசியம். மறதிநோய் உள்ளவரைச் சாதாரண முதியோர் இல்லத்தில் சேர்த்துவிட்டு, சில மாதங்களில் ‘எங்களால சமாளிக்க முடியலை, கூட்டிட்டுப் போங்க’ என்ற போன் வந்து தவிக்கும் குடும்பங்கள் உண்டு.

எப்போது யோசிக்கலாம்?

இரவில் எழுந்து கதவைத் திறந்து போவது, அடிக்கடி விழுவது, மாத்திரையை இரண்டு முறை சாப்பிடுவது, தனியாக விடவே முடியாத நிலை... இவை அறிகுறிகள். பராமரிப்பவரின் உடல்நிலை இன்னோர் அறிகுறி. பெரும்பாலான வீடுகளில் அந்தப் பாரம் மனைவி, மகள், மருமகள் என ஒரு பெண்ணின் தலையில்தான் விழுகிறது. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை ‘வீட்டிலேயே வெச்சுப் பார்த்துக்கலாம்’ என்று போனில் சொல்வது எளிது. ராத்திரி மூன்று முறை எழுந்து படுக்கை மாற்றுபவரின் கருத்துக்கே அந்தக் கூட்டத்தில் முதல் இடம் தர வேண்டும். ஹோம்தான் தீர்வு என்றும் இல்லை. பகல்நேரப் பராமரிப்பு மையம், வீட்டுக்கே வரும் உதவியாளர் ஆகியவற்றையும் முயன்று பார்க்கலாம்.

நேரில் போய்ப் பாருங்கள்!

வெப்சைட் படங்களை நம்பி அட்வான்ஸ் கட்ட வேண்டாம். ஒருமுறை சொல்லிவிட்டும், ஒருமுறை சொல்லாமலும் போய்ப் பாருங்கள். முடிந்தால் மாலையில் போங்கள். டிமென்ஷியா உள்ளவர்களில் பலருக்குப் பதற்றம் கூடுவது பொழுது சாயும் நேரத்தில்தான். ஊழியர்கள் அதை எப்படிக் கையாள்கிறார்கள் என்பது அப்போது தெரியும். மூக்கையும் கொஞ்சம் நம்புங்கள். சிறுநீர் வாடை நிரந்தரமாக வீசும் இடத்தில், டயப்பர் நேரத்துக்கு மாற்றப்படுவதில்லை என்று அர்த்தம்.

அவசியம் கேட்க வேண்டிய கேள்விகள்:

* இரவில் எத்தனை பேருக்கு ஓர் உதவியாளர்? நர்ஸ் 24 மணி நேரமும் இருப்பாரா?

* முரண்டு பிடித்தால் என்ன செய்வீர்கள்? கட்டிவைப்பது, தூக்க மாத்திரை கொடுப்பது என்பதே பதிலாக இருந்தால், வேறு இடம் பார்க்கலாம்.

* அவசரத்துக்கு எந்த மருத்துவமனை? யார் உடன் போவார்?

* படுத்த படுக்கையானால் தொடர்ந்து வைத்திருப்பீர்களா?

பணமும் பேப்பரும்

மாதக் கட்டணத்தில் எவையெல்லாம் அடக்கம், டயப்பர், மருந்து, பிசியோதெரபிக்குத் தனிக் கட்டணமா, ஆண்டுக்கு எவ்வளவு உயரும், பாதியில் விலகினால் டெபாசிட் திரும்பக் கிடைக்குமா என்று எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். மருத்துவக் காப்பீடு பொதுவாக மருத்துவமனைச் சிகிச்சைக்குத்தான் கைகொடுக்கும். ஹோம் கட்டணத்துக்கு அல்ல. எனவே யார் எவ்வளவு தருவது என்பதை உடன்பிறந்தவர்கள் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. வங்கிக் கணக்கு, நாமினி, உயில் போன்றவற்றைப் பெரியவர் தெளிவாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். நோய் முற்றிய பிறகு போடும் கையெழுத்து, பின்னாளில் கோர்ட் வரை இழுக்கும்.

அவர்களிடம் சொல்லுங்கள்!

‘கோயிலுக்குப் போறோம்’ என்று பொய் சொல்லி அழைத்துப்போய் விட்டுவிட்டு வருவது, அவர்களின் நம்பிக்கையை உடைத்துவிடும். புரிந்துகொள்ளும் நிலையில் இருப்பவரிடம் வெளிப்படையாகப் பேசி, இடத்தைக் காட்டி, அவர் விருப்பத்தைக் கேளுங்கள். சில இல்லங்களில் குறுகிய காலம் தங்கிப் பார்க்கும் வசதி உண்டு. முதலில் அப்படித் தொடங்கலாம். பழைய போர்வை, சாமி படம், கல்யாண போட்டோ, தினமும் காபி குடிக்கும் டம்ளர் இவை உடன் போகட்டும். புது இடத்தில் முதல் சில வாரங்கள் குழப்பம் கூடுவது சகஜம்.

சேர்ப்பது வேறு... கைவிடுவது வேறு!

முதியவரைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர், கைவிடும் நோக்கத்துடன் அவரை எங்காவது விட்டுச் செல்வது 2007-ம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டப்படி குற்றம். 3 மாதம் வரை சிறைத்தண்டனையோ அபராதமோ கிடைக்கும். தகவலோ உதவியோ வேண்டுமானால், மூத்த குடிமக்களுக்கான கட்டணமில்லா எண் 14567-ஐ அழைக்கலாம்.

விசாரித்து, பார்த்துப் பார்த்து ஒரு நல்ல இடத்தில் சேர்ப்பதைக் கைவிடுவது என்று யாரும் சொல்ல முடியாது, சேர்த்த பிறகும் நீங்கள் போய்க்கொண்டிருக்கும் வரை. வாரம் ஒருமுறையாவது, வெவ்வேறு நேரங்களில் போங்கள். உடல் எடை குறைந்திருக்கிறதா, படுக்கைப்புண் இருக்கிறதா, நகம் வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். அடிக்கடி ஆள் வந்து கேட்கும் முதியவரை ஊழியர்களும் கூடுதல் கவனத்தோடு பார்ப்பார்கள்.

உங்கள் பெயர் அம்மாவுக்கு நினைவில்லாமல் போயிருக்கலாம். கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் தன்னுடைய மனுஷர் என்பது, அதற்குப் பிறகும் நெடுநாள் அவருக்குத் தெரியும்.