குளிர்மலை வீட்டுக்கு வேறு கணக்கு

மலேசியாவில் மின்சாரச் சிக்கனம் என்றதும் பேச்சு ஏர்கோனில்தான் தொடங்கும். வெயிலைத் தடுப்பது, அறையைக் குளிர்விக்கும் செலவைக் குறைப்பது என்று அறிவுரைகள் நீளும். கேமரன் மலையில் அவை பாதிகூடப் பயன்படாது. சுமார் 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் ஆண்டின் சராசரி வெப்பநிலை 18 டிகிரி செல்சியஸ் அளவுதான். இரவில் அது 15 டிகிரியை ஒட்டி இறங்கும்.

ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் நிறுவிய ‘போ’ தேயிலை நிறுவனமும், 1933இல் உருவான பாரத் நிறுவனமும் இம்மலையைத் தேயிலை மலையாக்கின. இத்தகைய தோட்டங்களோடு வளர்ந்த குடியிருப்பு வடிவம்தான் லயம். ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள், தலைக்குமேல் தகரம். பழைய லயத்தையோ அதைப்போன்ற சிறு வீட்டையோ சீரமைக்கும்போது, கையிலுள்ள பணத்தை முதலில் எதில் போடுவது?

கூரையில்தான். தகரம் மழையைத் தடுக்கும், வெப்பத்தைத் தடுக்காது. உறங்கும் மனிதர் ஒருவரின் உடல் சுமார் 70 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஐந்து பேர் உறங்கும் வீட்டில் அது 350 வாட். செலவில்லாமல் கிடைக்கும் இந்தக் கதகதப்பு வெறும் தகரத்தின் வழியே வெளியேறிவிடுகிறது. கிளாஸ் வூல் எனப்படும் கண்ணாடி இழைப் பஞ்சை 50 மில்லிமீட்டர் கனத்தில் கூரைக்கடியில் பரப்பினால், கூரை வழியான வெப்ப இழப்பு ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

ஈரம் இன்னொரு சிக்கல். இரவுக் காற்றில் ஈரப்பதம் 90 சதவீதத்தை எட்டுவது இங்கே வழக்கம். 18 டிகிரியில் அத்தகைய காற்று, இரண்டு டிகிரி குளிர்ந்த பரப்பைத் தொட்டாலே நீராகப் படியும். வானம் தெளிந்த இரவில் தகரம் தன் வெப்பத்தை வானத்துக்கு வீசிவிட்டு, சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அதனால்தான் மழை இல்லாத விடியலிலும் கூரையிலிருந்து சொட்டுகிறது. சுவரில் பூஞ்சை பூக்கிறது.

ஆகவே பஞ்சை மட்டும் அடைத்தால் போதாது. அறையைப் பார்க்கும் பக்கத்தில் ஈரம் ஏறாத அலுமினியத் தாள் வேண்டும். பஞ்சுக்கும் தகரத்துக்கும் நடுவே காற்றோட இடைவெளி வேண்டும். நனைந்த பஞ்சு வெப்பத்தைத் தடுக்காது.

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991இல் கட்டப்பட்ட ‘பாசிவ் ஹவுஸ்’ வீடுகள், காற்றுக் கசிவை அடைத்தும் எரிபொருளை மிச்சப்படுத்தின. ஆனால் அவற்றில் காற்றை மாற்றும் இயந்திரங்களும் சேர்ந்தே இருந்தன. அந்த இயந்திரம் இல்லாமல் இடுக்குகளை மட்டும் அடைத்தால், சமையல் ஆவியும் குளியல் ஆவியும் உள்ளேயே தங்கிப் பூஞ்சையைப் பெருக்கும். சமையலறையிலும் குளியலறையிலும் ஆவி போக்கும் சிறு விசிறி அவசியம்.

லயத்தின் அமைப்பில் ஒரு நன்மையும் உண்டு. நடு வீடுகளின் பக்கச் சுவர்கள் பொதுச்சுவர்கள்; அவற்றின் வழியே வெப்பம் வெளியேறுவது குறைவு. கடைக்கோடி வீடுதான் அதிகம் குளிரும். சுவருக்கும் காப்பு போடப் பணம் ஒதுக்க முடிந்தால், அந்தக் கோடிச் சுவரில் தொடங்குவதே முறை.

அறையைச் சூடாக்கும் ஹீட்டர் இல்லாத வீட்டில் கூரைக் காப்பு தருவது உறக்கமும் உடல்நலமும்தான். மின் கட்டணத்தைக் குறைக்க வேண்டுமானால் வெந்நீரைக் கவனிக்க வேண்டும். ஈப்போ போன்ற சமவெளி ஊரில் 27 டிகிரியில் வரும் குழாய் நீரை 38 டிகிரிக்குக் கொண்டுவர 11 டிகிரி ஏற்றினால் போதும். மலையில் நீர் 18 டிகிரியில் வந்தால் 20 டிகிரி ஏற்ற வேண்டும். ஒரு குளியலுக்கு 20 லிட்டர் என்றால் அங்கே கால் யூனிட், இங்கே ஏறத்தாழ அரை யூனிட். உடனடி வெந்நீர் தரும் 3.6 கிலோவாட் ஹீட்டர், ஈப்போவில் நிமிடத்துக்கு 4.7 லிட்டர் தரும், மலையில் 2.6 லிட்டர்தான். குழாயை அதிகமாகத் திறந்தால் நீர் வெதுவெதுப்போடு நின்றுவிடும்.

சூரிய வெந்நீர்க் கலன் மூடுபனி நாளில் முழுச் சூடு தராது. ஆனால் 18 டிகிரி நீரை 26 டிகிரிக்கு ஏற்றித் தந்தாலே, மின்சாரம் செய்ய வேண்டிய வேலையில் 40 சதவீதம் குறைந்துவிடும். பல வீடுகள் சேர்ந்திருக்கும் லயத்தில் காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்ப்பும் பொதுவாக வைக்கத் தகுந்தது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் மூன்று யூனிட் வெப்பம் தரும். வெந்நீர்க் குழாய்களுக்கு நுரை உறை போட மிகக் குறைந்த செலவே ஆகும்.

ஓர் எச்சரிக்கை: பழைய கூரை கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) ஓடாக இருந்தால் உடைக்கவோ துளைக்கவோ கூடாது. அதன் தூள் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகும். பயிற்சி பெற்றவர்களைக் கொண்டே அகற்ற வேண்டும்.

இலங்கையின் நுவரெலியா, தமிழ்நாட்டின் வால்பாறை, குன்னூர் லயங்களுக்கும் இந்த அடிப்படைகள் பொருந்தும். மலேசியாவில் தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை 1990ஆம் ஆண்டின் 446ஆம் சட்டம் முதலாளியின் பொறுப்பாக்குகிறது. தோட்ட நிர்வாகங்கள் அந்தக் குறைந்தபட்சத்தோடு நின்றுவிடக் கூடாது. அடுத்த முறை தகரம் மாற்ற ஆள் ஏறும்போது பஞ்சையும் அலுமினியத் தாளையும் சேர்த்தே போடச் செய்யுங்கள். சாரத்துக்கும் ஆள்கூலிக்கும் எப்படியும் செலவாகப்போகிறது. கூடுதலாக ஆவது பெரும்பாலும் பொருளின் விலை மட்டுமே.