எல்லையோரக் கடல் – 9: சினைச் சிங்கி

சென்ற வாரம் நெய்யாறு கடலில் கலக்கும் பூவாறு பொழிமுகத்தில் நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து கரையோடு தெற்கே போனால் பொழியூர். அதைத் தாண்டினால் நீரோடி, தமிழ்நாடு. கேரளம் எந்த இடத்தில் முடிகிறதென்று வெளியூர்க்காரருக்கு மணலைப் பார்த்துச் சொல்லத் தெரியாது. காட்டாக்கடை, பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சந்தைகளுக்குச் சாளையும் நெத்தோலியும் அயிலையும் இந்தக் கரைகளிலிருந்துதான் வருகின்றன. சிங்கி இறால் மட்டும் அபூர்வமாக வரும். வந்தாலும் பெரும்பாலும் சிறிதாகவே இருக்கும். அது ஏன் சிறிதாக இருக்கிறது என்பதைத்தான் இந்த வாரம் எழுத நினைக்கிறேன்.

சிங்கிக்குப் பாறை வேண்டும். வடக்கே கோவளம், விழிஞ்ஞம். தெற்கே இனயம், குளச்சல், கடியபட்டணம், முட்டம் என்று கடலடிப் பாறைகள் கிடக்கும் இடங்களில் அது வாழ்கிறது. பகலில் பொந்துக்குள் கொம்பை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இருட்டிய பிறகே இரைதேடக் கிளம்பும். இதே பாறைகளில் ஒட்டி வளரும் சிப்பிதான் அதன் விருப்ப உணவு. வெளிநாட்டுப் படங்களில் பெரிய கிடுக்கிக் கால்களோடு பார்க்கிறோமே, அது வட அட்லாண்டிக் கடலின் வேறு இனம். நம்முடைய சிங்கிக்குக் கிடுக்கி கிடையாது. முள் நிறைந்த, உடலைவிட நீண்ட கொம்புகளே அதன் ஆயுதம். எதிரி பிடித்தால் கொம்பின் அடிப்பகுதியைக் கண்ணுக்குக் கீழுள்ள மேட்டில் தேய்த்துக் ‘கிறீச்’சென்று ஒலி எழுப்பும். வில்லும் நரம்பும் உரசி ஒலி பிறக்கும் அதே முறை அது என்று ஷீலா படேக் என்ற ஆய்வாளர் 2001இல் ‘நேச்சர்’ இதழில் விளக்கினார். ஓடு கழற்றி உடம்பு மெத்தென்று இருக்கும் நாள்களிலும் இந்த ஒலியை எழுப்ப முடியும் என்பது என்னை மிகவும் கவர்ந்த செய்தி. கடிக்க வருபவனை விரட்ட அப்போது அதற்கு வேறு வழியில்லை.

கரீபியக் கடலில் வாழும் இதன் நெருங்கிய உறவினத்தைக் கண்ணை மறைத்து, பல கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விட்டார்கள். பூமியின் காந்தப் புலத்தை உணர்ந்து வீட்டுத் திசைக்கே அது திரும்பி நின்றது. அதே இனம், நோய்த்தொற்றுள்ள சிங்கி இருக்கும் பொந்தில் தங்காமல் விலகிப் போவதும் 2006இல் தெரியவந்தது. தட்டில் சிவப்பாகக் கிடப்பதை மட்டும் பார்த்தவர்கள் இதையெல்லாம் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

தாய்ச் சிங்கி லட்சக்கணக்கான முட்டைகளை வயிற்றடியில் உள்ள துடுப்புகளில் ஒட்டிச் சுமக்கும். முதலில் அவை பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். பொரியும் காலம் நெருங்க நெருங்கப் பழுப்பாகும். தாய் கால்நுனியால் அவற்றைக் கோதிச் சுத்தம் செய்தபடியே இருக்கும். பொரிந்து வருவது சிங்கி போலவே இராது. கண்ணாடித் தாளில் வெட்டியெடுத்த சிலந்தி மாதிரி, தட்டையாக, ஒளி ஊடுருவும்படி இருக்கும். கடல் நீரோட்டம் அதை ஆழ்கடலுக்குக் கொண்டுபோகும். பல மாதங்கள் மிதந்து, பலமுறை தோலுரித்து, கடைசியில் இரை எதுவும் தின்னாத ஓர் இளம் பருவத்தை அடைந்து, நீந்திக் கரையோரப் பாறைக்கு வரும். அப்படி வந்து சேர்பவை மிகச் சொற்பம். முட்டத்துத் தாயின் குஞ்சு முட்டத்துக்கே திரும்பும் என்ற உறுதியும் இல்லை. கேரளத்துப் பாறையில் பொரிந்தது தமிழ்நாட்டுப் பாறையில் குடியேறலாம். தமிழ்நாட்டில் பொரிந்தது கேரளத்துக்கும் வரலாம்.

இந்தக் கரையில் சிங்கி பெரிய வியாபாரமானது 1950களில். உறைய வைத்த வால்கள் அமெரிக்காவுக்குப் போகத் தொடங்கிய காலம் அது. பனைமட்டை நாரில் பின்னிய கூடுகளுக்குள் இரை வைத்துப் பாறையோரம் இறக்குவார்கள். நங்கூர வடிவத் தூண்டிலும் இருந்தது. இந்த இரண்டு முறைகளையும் மியாமோட்டோவும் ஷரீஃபும் 1961இல் விரிவாகப் பதிவுசெய்தார்கள். கூட்டின் அருமை என்னவென்றால் அதற்குள் புகுந்த சிங்கி காயமில்லாமல் இருக்கும். சிறிதென்றாலோ சினையென்றாலோ எடுத்துக் கடலில் விட்டால் அது பிழைத்துக்கொள்ளும். பின்னர் மூன்றடுக்கு டிஸ்கோ வலை வந்தது. வலையில் சிக்கிய சிங்கியைப் பிரித்தெடுக்கும்போது கொம்பும் காலும் ஒடிகின்றன. கீழே கிடக்கும் எதையும் அது விடுவதில்லை. நார்க்கூடு ஒரு பருவத்துக்குமேல் தாங்காது, பின்னுவதும் பெரும்பாடு. வலையோ ஒரே இரவில் அதைவிட அதிகம் தரும். மீனவர் வலைக்கு மாறியதில் வியப்பில்லை. அவர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

2003 ஜூலையில் மத்திய வணிக அமைச்சகம் ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச எடையை விதித்தது. நம் கரையில் அதிகம் கிடைக்கும் இனம், முழுதாகவோ உயிரோடோ போவதானால் 200 கிராம் இருக்க வேண்டும். பெரிதாக வளரும் மணிச் சிங்கிக்கு 500 கிராம். நல்ல விதிதான். ஆனால் அது காவல் நிற்பது ஏற்றுமதி வாசலில். வலையில் ஏறிய 120 கிராம் சிங்கி அதற்குள் செத்துப் போயிருக்கும். ஏற்றுமதிக்காரர் ஒதுக்கியதைக் கடலுக்குத் திருப்பி அனுப்ப வழியில்லை. அது கூடையில் ஏறி உள்நாட்டுச் சந்தைக்கு வருகிறது. ஓட்டலில் மசாலா தடவிப் பொரிப்பதும் அதைத்தான். பெரியது குளிரூட்டிய பெட்டியில் உயிரோடு விமானம் ஏறுகிறது. முட்டையிடும் வயதை எட்டாதது நம் தட்டுக்கு வருகிறது. நாம் மலிவாக வாங்குவதால்தான் அந்தச் சிறு சிங்கிக்கும் ஒரு விலை இருக்கிறது.

இதன் முடிவு எப்படி இருக்கும் என்பதை மும்பை பார்த்துவிட்டது. அங்கே இழுவலையில் ஏராளமாகக் கிடைத்த தட்டைச் சிங்கி 1994 வாக்கில் பிடிபடுவதே நின்றுபோனது. சினையோடு இருந்த தாய்களை அள்ளியது முக்கியக் காரணம். அதன் பிறகுதான் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் கரையோர ஊர்களுக்குப் போய், சினைச் சிங்கியைத் திருப்பி விடுங்கள் என்று பேசத் தொடங்கியது. அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்தில் இது பழைய பழக்கம். சினையோடு கிடைத்த தாயின் வால் மடலில் ‘வி’ வடிவில் சிறு வெட்டுப் போட்டு விட்டுவிடுவார்கள். அடுத்த முறை அது சினையில்லாமல் அகப்பட்டாலும், வெட்டைப் பார்த்தவர் எடுக்கக் கூடாது. அங்கே மிகச் சிறியதற்கு மட்டுமல்ல, மிகப் பெரியதற்கும் தடை உண்டு; பெரிய தாய்தான் அதிக முட்டை சுமக்கும்.

நம் கரையில் அதை அப்படியே செய்யச் சொல்வது எளிதல்ல. சினைச் சிங்கி எடை போட்டுத்தான் விற்கிறது, முட்டையின் எடையும் சேர்ந்தே. அதைக் கடலில் விடுபவர் அன்றைய வருமானத்தில் பெரும்பங்கை விடுகிறார். நீரோடிக்காரர் விட்டதைப் பொழியூர்க்காரர் பிடித்துவிட்டால்? அல்லது பொழியூர் விட்டதை நீரோடி பிடித்தால்? இழுவலைத் தடைக்காலமே இரண்டு பக்கமும் ஒன்றாக இல்லை: தமிழ்நாட்டின் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல், கேரளத்தில் ஜூன் 9 நள்ளிரவுக்குப் பிறகு. சிங்கிக்காவது இரு மாநில மீன்வளத் துறைகளும் ஒரே விதியை வகுத்து, அதைப் படகு கரையேறும் இடத்திலேயே நடைமுறைப்படுத்த வேண்டும். சினைத் தாயைக் கடலில் விடும் மீனவருக்கு அதன் விலையை ஏற்றுமதியில் சம்பாதிப்பவர்கள் தர வேண்டும் என்பது என் கருத்து. கூட்டுக்குத் திரும்ப விரும்பும் மீனவருக்கு மானியமும் வேண்டும். நார்க்கூட்டுக்கு மாற்றாகப் பல பருவம் உழைக்கும் கம்பிக்கூடுகளைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனம் எப்போதோ வடிவமைத்துவிட்டது.

அடுத்த வாரம் இதே பாறைகளில் மூச்சடக்கிச் சிப்பி குளிப்பவர்களைப் பற்றி.