ஒல்லாந்தர் பட்டணம் பார்த்து வந்தோம்

எங்கள் அண்டை வீட்டார் சென்ற கோடை விடுமுறையில் தங்கள் சிறு பிள்ளையுடன் ஆம்ஸ்டர்டாம் நகரத்துக்குப் போய் வந்தார்கள். அங்கே பிடித்த படங்களை எங்கள் ஆறு வயதுப் புதல்விக்குக் காட்டினார்கள். அன்றோடு எங்கள் வீட்டில் அமைதி போயிற்று. "அப்பா, நாம் எப்போது ஒல்லாந்துக்குப் போவோம்?" என்ற கேள்வி காலைக் காப்பியுடன் ஆரம்பித்து இரவுத் தூக்கத்துடன்தான் முடியும்.

உபாத்தியாயர் சம்பளத்துக்கு ஒல்லாந்து எட்டாது. ஆனால் ஒல்லாந்தர்களே நம்மைத் தேடி வந்து, சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பட்டணம் அமைத்துவிட்டுப் போயிருக்கிறார்களே! பொங்கல் விடுமுறையில், புளியோதரைப் பொட்டலமும் தண்ணீர்க் கூஜாவுமாக, பொன்னேரி வரை ரயிலிலும் அப்பால் பஸ்ஸிலும் பிரயாணம் செய்து பழவேற்காடு போய்ச் சேர்ந்தோம்.

பாரத நாட்டின் உவர்நீர் ஏரிகளில் ஒரிஸாவிலுள்ள சில்காவுக்கு அடுத்தபடி பெரியது பழவேற்காடு ஏரி. அதன் பெரும் பகுதி ஆந்திர தேசத்தில் இருக்கிறது. தென்கோடி மட்டும் நம்முடையது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, இன்று ராக்கெட்டுகள் கிளம்பும் ஸ்ரீஹரிகோட்டா தீவு நீண்டு கிடக்கிறது. தூரத்தில் ஆழமில்லாத நீரில் பூநாரைக் கூட்டம் வெண்மையும் இளஞ்சிவப்புமாக நின்றது. "இது ஒல்லாந்தில் உண்டா?" என்று கேட்டாள் குழந்தை. "இவ்வளவு இராது" என்று தைரியமாகச் சொல்லிவைத்தோம்.

விஜயநகர அரசர் வேங்கடபதி ராயரின் அனுமதி பெற்று இங்கே வியாபாரம் தொடங்கிய ஒல்லாந்தர், 1613-ல் கெல்டிரியா என்ற கோட்டையைக் கட்டினார்கள். 1690-ல் தலைமை ஸ்தானத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரையில், சோழமண்டலக் கரையில் அவர்களுக்கு இதுவே ராஜதானி. நம் நெசவாளர் நெய்த துணிகள் இத்துறையிலிருந்து ஜாவா முதலிய தீவுகளுக்குச் சென்றன. மலாய் நாட்டார் கட்டம் போட்ட கைலியை இன்றும் 'பெலிக்காட்' என்று இவ்வூர்ப் பெயராலேயே அழைக்கிறார்கள். கோட்டை இருந்த இடத்தில் இப்போது முட்புதரும் இடிபாடுகளுமே மிச்சம்.

ஆனால் கல்லறைத் தோட்டம் அழியவில்லை. தொல்பொருள் இலாகாவின் பாதுகாப்பில் இருக்கிறது. வாசலில் எலும்புக்கூடு உருவங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். எங்கள் புதல்வி முதலில் தாயாரின் புடவைத் தலைப்பில் ஒளிந்துகொண்டாள். பிறகு தைரியம் வந்து, கற்களில் வெட்டிய எழுத்துக்களை விரலால் தடவிக்கொண்டே நடந்தாள். ஒவ்வொன்றும் யாருடையது என்று கேட்டாள். வியாபாரிகள், அதிகாரிகள், அவர்கள் குடும்பத்தார் என்று விளக்கினோம்.

"இந்த ஊர்க்காரர்கள் பெயர் எந்தக் கல்லில் இருக்கிறது, அப்பா?"

இருபது வருஷமாகச் சரித்திர பாடம் நடத்தும் எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. துணியோடு மனிதர்களையும் இந்தத் துறையில் கப்பலேற்றினார்கள். பதினேழாம் நூற்றாண்டின் பஞ்ச காலங்களில், பசிக்கு விலைபோன ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் வாங்கிப் பட்டாவியா முதலிய இடங்களுக்கு அடிமைகளாக அனுப்பினார்கள். பிடித்துக் கொடுத்த தரகர்களில் நம்மவர்களும் உண்டு. போனவர்கள் பல்லாயிரவர், அவர்களுக்கு இங்கே ஒரு கல்லும் இல்லை. விடுமுறை நாளில் ஆறு வயதுக் குழந்தையிடம் இதைச் சொல்லலாமா? மனைவியின் முகத்தைப் பார்த்தோம். "கேட்டவளுக்குச் சொல்லத்தானே வேண்டும்?" என்றாள் அவள். மெல்லிய வார்த்தைகளில் உண்மையைச் சொன்னோம். குழந்தை வெகு நேரம் பேசவில்லை.

பிற்பகல் ஏரிக்கரையில் வலையைச் சீர்செய்துகொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பேச்சுக் கொடுத்தோம். இங்குள்ள சில மீனவக் கிராமங்களில் 'பாடு' என்று ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. ஏரியில் வலை கட்டும் இடங்களை ஒருவரே பிடித்து வைத்துக்கொள்ளாமல், முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதைப் பற்றிக் கேட்டோம்.

"நல்ல இடமும் மட்டமான இடமும் எல்லாருக்கும் மாறி மாறி வரும், பாப்பா" என்றார் பெரியவர்.

"எங்கள் பள்ளிக்கூடத்து ஊஞ்சல் மாதிரி!" என்றாள் குழந்தை. அவள் வாய் திறந்ததில் எங்களுக்கு உயிர் வந்தது. அந்த உரிமை எல்லா வகுப்பாருக்கும் கிடையாது என்பதும் உண்மையே. ஆயினும், கோட்டை கட்டியவர்கள் போன பின்பும் பகிர்ந்து உண்ணும் அந்த முறை நிலைத்து நிற்கிறது.

அவளை மகிழ்விக்க எண்ணி, "படகில் ஒரு சுற்றுப் போய் வரலாமா, ஐயா?" என்று கேட்டோம். பெரியவர் தலையை ஆட்டினார். "வேணாம், வாத்தியாரே. பாப்பாவுக்குப் போட மிதவைச் சட்டை எங்கிட்ட இல்லை."

2011-ஆம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி, உல்லாசமாகப் படகேறிய இருபதுக்கு மேற்பட்டவர்கள் இங்கே படகு கவிழ்ந்து மாண்டார்கள். பெரியவர் அதை மறக்கவில்லை, கூலியையும் வேண்டாமென்றார். கல்லில் வெட்டாமலும் நினைவைக் காக்க முடியும் என்று அவரிடம் கற்றுக்கொண்டோம்.

நேயர்களும் தை மாதத்தில் குழந்தை குட்டிகளுடன் ஒருமுறை போய் வரவேண்டும். கல்லில் இருப்பதைக் குழந்தைகள் தாமே படித்துக்கொள்வார்கள். கல்லில் இல்லாததை நாம்தான் சொல்லவேண்டும்.

அண்டை வீட்டார் அடுத்த கோடைக்கு டென்மார்க் தேசம் போகிறார்களாம். எங்களுக்குக் கவலை இல்லை. தரங்கம்பாடி இருக்கிறது!